வெள்ளிக் கொழுந்தில் விழும் கறை: வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நுவரெலியா பக்கம் வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்து வெள்ளி நகை செய்கிறேன். ஏப்ரல் வசந்த காலம், வாசல் முழுக்க ரோசா. ஆனால் என் கண் தேயிலையில்தான் நிற்கிறது. இரண்டு இலை, ஒரு மொட்டு, அதையே தோடாக அடிக்கிறேன். வாள்பல் போன்ற இலை விளிம்பு, நடுநரம்பு, மொட்டின் மேலிருக்கும் மென்மயிர்கூட சிற்றுளியில் வந்துவிட்டது.

சிக்கல் பற்றவைக்கும்போதுதான். காம்பை ஒட்டவைக்கப் பற்றாசு (உருகி ஒட்டும் உலோகக் கலவை) வைத்துத் தீயை ஊதியதும் இலையில் ஊதா கலந்த சாம்பல் திட்டு விழுகிறது. புளித்தண்ணீரில் கொதிக்க வைத்தும் போகவில்லை. உப்புத்தாள் போட்டால் நரம்பு தேய்ந்துவிடுகிறது. மூன்று சோடி இப்படியே போய்விட்டது, மனசு கேட்கவில்லை.

925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) கலந்திருக்கும் செம்பு சூட்டில் கறுப்பதால் இது வருகிறது என்று தெரியும். பற்றாசு ஓட உதவும் வெங்காரத்தை (போராக்ஸ்) காம்பில் மட்டும் தடவுகிறேன். இலை முழுக்கத் தடவித்தான் ஊத வேண்டுமா? போரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கலந்து பூசுகிறவர்கள் என்ன அளவில் கலக்கிறீர்கள்? அப்புறம், கண்டி, ஹட்டன் பக்கம் சுத்த வெள்ளித் தகடு சில்லறையாகக் கிடைக்குமா?

தோடு அம்மாவுக்கு. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர்.