சித்வானில் நடப்பவர் யார், ஜீப்பில் போகிறவர் யார்?

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நேபாளத்தின் சித்வானில் நாம் தங்கவிருக்கும் விடுதியார், காட்டுக்குள் நடந்து செல்வோர், ஜீப்பில் செல்வோர் பட்டியலை இன்று இரவுக்குள் கேட்கிறார்கள். அவரவர் விருப்பத்தைத் தெரிவிக்கவும்.

சித்தி: எனக்கு ஜீப்.

அத்தை: அந்தக் காட்டோர ஊரான சௌராஹாவின் கடைவீதியில் காண்டாமிருகம் நடந்து போகிற வீடியோ வந்ததே, அது உண்மையா அண்ணா?

பெரியப்பா: உண்மைதான் அம்மா. ஊருக்கும் காட்டுக்கும் நடுவே ராப்தி ஆறு மட்டுமே இருப்பதால், இரவில் அதைக் கடந்து வயலில் மேய வருவது அவற்றின் வழக்கம். 1950களில் மலேரியாவை ஒழிக்க டிடிடி பூச்சிமருந்து தெளிக்கும்வரை அந்தக் காட்டில் அங்குள்ள பூர்வகுடிகளான தாரு மக்களைத் தவிரப் பிறர் நிலைத்து வாழ்வது அரிதாக இருந்தது. காய்ச்சல் அடங்கியதும் மலையிலிருந்து இறங்கியவர்கள் காட்டை அழித்துப் பயிரிட்டதால், 1960களின் இறுதியில் காண்டாமிருகங்கள் ஏறத்தாழ நூறாகக் குறைந்துவிட்டன. 1973இல் தேசியப் பூங்காவாக்கிக் காவல் போட்ட பிறகு பெருகி, 2021 கணக்கெடுப்பில் சித்வானில் மட்டும் 694 இருந்தன.

கார்த்தி: பெரியப்பா, அத்தை கேட்டது உண்மையா பொய்யா என்று மட்டும்தான்.

மீனா: நான் நடக்கிறேன். ஜனவரியில் கூரை வேய்வதற்குப் புல் அறுக்க ஊர்மக்களை உள்ளே விடுகிறார்கள். மழைக்காலத்தில் யானையையே மறைக்கும் புல், நாம் போகும் பிப்ரவரி இறுதியில் தாழ்ந்திருக்கும். துளிர் மேயும் மான்களை வெட்டவெளியில் பார்க்கலாம்.

சித்தப்பா: வழிகாட்டிகளின் கையில் மூங்கில் தடியைத் தவிர வேறொன்றும் இருக்காது என்பதையும் சொல், மீனா. காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல் என்றாலும் மூக்கும் காதும் கூர்மை. துரத்தினால் மரம் ஏற வேண்டும், இல்லையேல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். அக்காவால் முடியுமா?

அத்தை: மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுத உன்னைத் தூக்கி இறக்கியவள் நான்தான். போன முறை ஏற்பாட்டை உன்னிடம் விட்டுத்தானே, காடு மூடியிருந்த மாதத்தில் போய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்?

சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

அத்தை: நடக்கவும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம் என்றால் யானைச் சவாரி இருக்கிறதல்லவா?

மீனா: வேண்டாம் அத்தை. குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கட்டிவைத்து அடக்கித்தான் சவாரிக்குப் பழக்குகிறார்கள்.

பெரியப்பா: மீனா சொல்வது சரி. மாற்றாக, இலவ மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் எல்லோரும் போகலாம். மணல்திட்டில் வெயில் காயும் கரியால் முதலைகளைப் பார்க்கலாம். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சிறு குடம்போல ஒரு புடைப்பு இருக்கும். பூங்காவின் தலைமையகமான கசாராவில் 1978 முதல் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டு வருகிறார்கள்.

சித்தி: முதலை இருக்கும் ஆற்றில் ஓடமா?

பெரியப்பா: ஒடுங்கிய வாயுடைய கரியாலுக்கு மீன்தான் இரை. அதே கரையில் படுத்திருக்கும் சதுப்புநில முதலையிடம்தான் எச்சரிக்கை தேவை. ஆகவே நீரில் கைவிடக் கூடாது.

சித்தி: நான் ஜீப்பிலேயே இருந்துகொள்கிறேன்.

கார்த்தி: நானும் நடக்கிறேன். காண்டாமிருகச் சாணக் குவியல் தெரிந்தால் திரும்பிவிடுவேன். ஒரே இடத்தில்தான் மீண்டும் மீண்டும் போடுமாம்.

பெரியப்பா: நடைக்கு மீனா, கார்த்தி, ஜீப்புக்குச் சித்தி. தம்பி இன்னும் சொல்லவில்லை. அத்தை?

அத்தை: தம்பி எதில் ஏறுகிறானோ அதில் நான் இல்லை.

சித்தி: அவர் தூங்கிவிட்டார். காலையில் கேட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: விடுதியார் இன்று இரவுக்குள் கேட்டிருக்கிறார்களே!