கைசனுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
சிறு கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கைசன்' மட்டும் இழுத்தடிக்கிறது. ஜப்பானியத்தில் 'கை' மாற்றம், 'சன்' நன்மை. ஒரேயடியாகப் புரட்டிப் போடாமல், அன்றாட வேலையில் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போவது. டொயோட்டா 1951-லேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்டு வாங்கத் தொடங்கிவிட்டது. 'தொடர் மேம்பாடு' என்று போட்டேன். அரசாணை வாசனை அடிக்கிறது என்று பதிப்பாசிரியர் அடித்துவிட்டார்.
(சேலம்)

ஐயா,
'வளர்சீர்' எனலாமே. வளர்பிறை போல வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் சீர் என முக்காலமும் அடங்கிவிடுகிறது. இன்னொன்று: 'கைசெய்தல்' என்றால் பழைய வழக்கில் அழகுபடுத்துதல். கைசன் அங்கிருந்து போயிருக்குமோ?
(மதுரை)

ஐயா, அது சீன எழுத்து இரண்டு சேர்ந்த சொல். நம் 'கை'யைக் கப்பலேற்ற வேண்டாம்.
(சென்னை)

வணக்கம். நான் வீடு கட்டித் தருகிறவன். 'வளர்சீர்' என்றால் எங்கள் கொத்தனார் 'யார் வீட்டுச் சீர்வரிசை?' என்பார்.

நாங்கள் செய்வது இதுதான். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மேஸ்திரியோடு உட்காருவேன். இந்த வாரம் 10 வேலை சொன்னோம், 6 முடிந்தது, மீதி 4 ஏன் நின்றது? ஒருமுறை பூசின சுவரை உடைத்து ஒயரிங் பைப் பதித்தோம். அதிலிருந்து எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் சுவரில் சாக்பீஸால் 'சரி' போட்ட பிறகுதான் பூச்சு. செங்கல் லாரி வருமுன்பே இறக்குமிடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறோம்; சித்தாளுக்கு நடை பாதியாகிவிட்டது. இப்படி மிச்சமான நாட்களில்தான் இரண்டாவது சைட் எடுத்தேன். மேஸ்திரி இதைத் 'தேத்திக்கிட்டே வர்றது' என்பார். அதையே வைத்தால் என்ன?
(திருப்பூர்)

அருமை! தேறு, தேற்று, தேற்றம்.
(கோவை)

தேற்றம் கணக்குப் புத்தகத்தில் பிதாகரசுக்குப் போய்விட்டது. இலக்கணத்திலோ தேற்ற ஏகாரம், உறுதிப்பொருள். மூன்றாவதாக இதையும் அதன் தலையில் கட்டுவதா?
(மதுரை)

'சீர்' யாப்பில் இருக்கிறது, கல்யாண வீட்டிலும் இருக்கிறது. அதற்கு மட்டும் விலக்கா ஐயா?
(கோவை)

அந்த இரண்டும் ஒரே வேர்தான். ஒழுங்கு என்னும் பொருளிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
(மதுரை)

தனி மடலிலேயே எழுதுங்கள், புண்ணியமாகப் போகும். 'படிப்படிச் சீராக்கம்' யாருக்கும் விளக்காமலே புரியும்.
(சென்னை)

நண்பர்களே, மணி பதினொன்று. 'படிப்படிச் சீராக்கம்' என்றே அனுப்பிவிட்டேன். நான்கு பேர் சரி என்றீர்கள். தலைப்பில் மட்டும் 'கைசன்' இருக்கும். திருப்பூர் நண்பரின் சாக்பீஸ் கதையைப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிட்டேன்.
(சேலம்)

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். 'படிப்படியான' என்று இருந்திருக்க வேண்டும். வளர்சீரில் இந்தச் சிக்கலே இல்லை.
(மதுரை)