பிஎஸ்4 ஸ்லிம்: எஸ்எஸ்டி உள்ளேயா, வெளியேயா?

வணக்கம் நண்பர்களே. பிஎஸ்5 வாங்கும்வரை என் பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் பிளேஸ்டேஷன் கேம் கன்சோல்) ஓட வேண்டும். ஹார்ட் டிஸ்க் திணறுகிறது, கேம் பாதியில் உறைந்து நிற்கிறது. அதனால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடப் போகிறேன்; உள்ளே மாற்றவா, வெளியே செருகவா என்பதுதான் கேள்வி.

உள்ளே மாற்றினால் 2.5 அங்குல சாட்டா (டிஸ்கை இணைக்கும் முறை) வகை, தடிமன் 9.5 மி.மீ.க்குள். புது டிஸ்கில் சிஸ்டம் மென்பொருளை ஏற்றும் பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், அதில் சிஸ்டத்தின் முழு நிறுவல் கோப்பு (சாதாரண அப்டேட் கோப்பு இங்கே செல்லாது). பவர் பட்டனை இரண்டாவது பீப் வரை, சுமார் 7 விநாடி, அழுத்தினால் சேஃப் மோடு (பழுது நீக்கும் மெனு). அதில் 7ஆவது தேர்வு, சிஸ்டத்தை மறுபடி நிறுவுவது. இதுவரை குழப்பமில்லை.

வெளியே என்றால் யூஎஸ்பி 3.0, குறைந்தது 250 ஜிபி. பிறகு அப்படியே பிஎஸ்5இல் செருகி பிஎஸ்4 கேம்களை ஆடலாம், அதுதான் ஆசை காட்டுகிறது. ஆனால் சிஸ்டமும் சேவ் கோப்புகளும் (கேமில் எட்டிய இடத்தின் பதிவு) பழைய டிஸ்கிலேயே கிடக்கும். அது செத்தால்? சேவ் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்தாயிற்று, டிராபியும் (கேமில் வென்ற விருதுகள்) ஆன்லைன் கணக்கோடு சிங்க் ஆயிற்று.

இரண்டு விதமாகவும் ஓட்டியவர்களே, லோடிங்கில் வித்தியாசம் தெரிகிறதா?

இன்னொன்று: பிராசசரின் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டோடு தெர்மல் பேடையும் (சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தை) மாற்றப் போகிறேன். மெமரி சிப்களுக்கு என்ன தடிமனில் பேட் வேண்டும்? பேட் கூடுதல் தடிமனானால் ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) பிராசசரில் படியாது. விசிறி இன்னும் கத்தும். ஊகம் வேண்டாம், அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.