மிச்ச வெள்ளப் பணத்துல வளைவு வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம், சலாம், ஸ்தோத்திரம்.

போன வாரம் நம்ம ஊர்ச் சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி போட்ட மெயிலைப் படிச்சேன். வெளியூர்ல இருக்குற நாம எல்லாரும் சேத்த வெள்ள நிதியில மிச்சம் கிடக்குற பணத்துல ஊர் முக்குல அலங்கார வளைவு ஒண்ணு கட்டி, அதுல சங்கத்துப் பேரையும் டிசம்பர் 2023ன்னு தேதியையும் பொறிச்சிடலாம்னு ஒரு யோசனை. அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பும் கட்டைவிரலும் போட்டிருக்காவ. நான் வேண்டாம்ங்கேன். ஏன்னு சொல்லுதேன், நீளமாத்தான் போகும், இன்னைக்கு வெள்ளிக்கிழமை, தம்மாம்ல எனக்கு லீவு, நீங்க பஸ்ஸுல போறப்ப படிங்க.

மழைக் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா குழுவுல புதுசா சேந்த பிள்ளையளுக்காக ஒரு தடவை. டிசம்பர் 17, மார்கழி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை. மறுநாள் காலைல கணக்குப் பாத்தா 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்யுறதே 70க்கு உள்ளதான், அது ஒரே நாள்ல எறங்கிட்டு. புயல்னா பேரு வச்சு டிவில நாலு நாள் முன்னாடியே கத்துவான், இது குமரிக்கடல் பக்கம் சுத்திக்கிட்டு நின்ன காத்து, பேரும் இல்ல ஊரும் இல்ல. மிக்ஜாம் புயலுக்கு நம்ம ஊர்ல இருந்து மெட்ராஸுக்கு அரிசியும் பெட்ஷீட்டும் சேத்து அனுப்பிட்டு அந்த லாரி திரும்பி வந்த சூடு ஆறல, அதுக்குள்ள நமக்கு.

ஊர்ல இருந்தவங்க சொன்னதை வச்சுச் சொல்லுதேன், தண்ணி மூணு விதமா வந்திருக்கு. மொதல்ல வானத்துத் தண்ணி, அது தெருவுல முட்டளவு நின்னுச்சு, பிள்ளைய காகிதக் கப்பல் விட்டிருக்கு. பொறவு சாயங்காலம் குளத்துத் தண்ணி, அது தண்ணில மிதக்குற அமலைச் செடியும் உடைமுள்ளும் தள்ளிக்கிட்டு வேகமா வந்திருக்கு. கடைசியா நடுராத்திரி ஆத்துத் தண்ணி. தாமிரபரணி கரை மீறி வந்தப்ப அதுல சத்தமே இல்லயாம், வீட்டுக்குள்ள நிலையைத் தாண்டி அப்படியே ஏறி வந்திருக்கு, சேறும் பாம்புமா.

92 நவம்பர் வெள்ளம் ஞாபகம் உள்ளவங்க நம்ம குழுவுலயே இருக்கிய. எங்க தாத்தா அப்ப தண்ணி நின்ன உசரத்துக்குத் திண்ணைத் தூண்ல ஆணி அடிச்சு வச்சிருந்தாவ. இந்தத் தடவை கீழத்தெருல பாதிப் பேர் வீட்டை விட்டு எறங்காததுக்கு அந்த ஆணிதான் காரணம்னு நான் சொல்லுவேன். "92லயே இதுக்கு மேல வரல, இப்ப என்ன வந்துரப்போவுது"ன்னு எங்க பெரியம்மை கட்டில்ல காலை மடக்கி உக்காந்துட்டாவ. தண்ணி ஆணியைத் தாண்டி மார்பளவு போயிட்டு. அவங்களைத் தூக்க நாலு பயலுவ வந்தப்பகூட வெத்தலைப் பெட்டியை எடுத்தாத்தான் வருவேன்னு நின்னாவளாம், அது வேற கதை.

இதுல யாரு என்ன செஞ்சாவன்னு யாரும் எழுதி வைக்கல. நான் ஊருக்குப் போயிருந்தப்ப டீக்கடைலயும் கல்யாண வீட்டுலயும் கேட்டதை இங்க போடுதேன், விட்டுப்போனதை ஊர்ல இருக்குறவங்க சேருங்க.

குளத்துத் தண்ணியைத் திறந்து அடைக்குற நீர்ப்பாய்ச்சி தாத்தாதான் மொத ஆளு. ஞாயித்துக்கிழமை மத்தியானமே குளத்துக்கரைல நின்னு மறுகாலை, அதான் மிச்சத் தண்ணி வெளியேறுற வழியை, பாத்திருக்காவ. குளம் பெருகி மறுகால்ல தண்ணி போவணும், ஆனா மறுகால் ஓடையில உடைமரம் மண்டி அமலை அடைச்சு, தண்ணி போவமாட்டேன்னு நிக்குது. கரை ஊற ஆரம்பிச்சிட்டுன்னு தெரிஞ்ச உடனே அவரு ஆபீஸுக்கு போன் போடல, கீழத்தெருவுக்கு நடந்து வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவா தட்டி "எறங்குங்க, ராத்திரி தாங்காது"ன்னு சொல்லியிருக்காரு. பொறவு பள்ளிவாசல் மைக்ல அறிவிச்சிருக்காவ. கரண்ட் போனதும் மைக் செத்துப்போச்சு, அதுக்கப்புறம் மாதா கோயில் மணியை விடாம அடிச்சிருக்காவ. கேட்டவன் வந்தான், கேக்காதவனைத் தூக்கப் போனாவ.

தூக்கப் போனது யாருன்னா நம்ம கிரிக்கெட் டீம் பயலுவதான், போன பொங்கலுக்கு டி-ஷர்ட் ஸ்பான்சர் கேட்டு நம்மட்ட மெயில் போட்டு நாம இழுத்தடிச்சோம்லா, அதே பயலுவ. டிராக்டர் டியூப், லாரி டியூப், வாழைமரத்தை வெட்டிக் கயிறு போட்டுக் கட்டின தெப்பம், இதுதான் அவனுவகிட்ட இருந்த சாமானம். ஒரு கைப்பிள்ளையை பெரிய சருவத்துல, அதான் வாயகன்ற பாத்திரத்துல, துணி விரிச்சுப் படுக்க வச்சு, ரெண்டு பேர் கழுத்தளவு தண்ணில நடந்து ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தள்ளிட்டு வந்திருக்கானுவ. குழந்தை பாட்டுக்குத் தூங்கிட்டு வந்துச்சாம். அந்தச் சருவம் யாரு வீட்டுதுன்னு இன்னும் சண்டை ஓடுது, ரெண்டு வீட்டுக்காரவளும் எங்க சருவம்தான்ங்காவ.

பள்ளிக்கூட மாடிலதான் ஊரே இருந்துச்சு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வச்சிருந்த அண்டா, பள்ளிவாசல் நோன்புக்கஞ்சி கொப்பரை ரெண்டும் மாடிக்கு ஏறிட்டு. விறகு எல்லாம் நனைஞ்சு கிடக்கு, சிலிண்டர் தண்ணில மிதந்து வருது, மிதந்து வந்ததைப் பிடிச்சுத்தான் அடுப்பு பத்த வச்சிருக்காவ. மொத நாள் வெறும் கஞ்சியும் ஊறுகாயும். ரேஷன் கடை மூட்டைல மேல அடுக்கினது மட்டும் தப்பிச்சிருக்கு, அதை விற்பனையாளர் தம்பியே சாவியைக் கொடுத்து "எடுத்துக்கிடுங்க, கணக்கு நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லியிருக்கான். அந்தப் பயலுக்கு அப்புறம் மேலிடத்துல என்ன குடைச்சல் வந்துச்சுன்னு கேட்டா சிரிக்கான், சொல்ல மாட்டேங்கான். யாரு சமைக்கா யாரு திங்கான்னு அந்த மாடில யாரும் கேக்கல. சாதாரண நாள்ல ஒரு கிணத்துல தண்ணி எடுக்க யோசிக்கிற ஊரு நம்ம ஊரு, அதை மறைச்சு என்ன ஆவப்போவுது. அந்தக் கிணத்துக் கணக்கு இப்ப திரும்பி வந்துட்டுன்னும் கேள்விப்பட்டேன், சவம்.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. அந்த ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோட நின்னுட்டு, உள்ள சுமார் 800 பேரு. செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லியும் மண்ணும் அரிச்சுட்டுப் போய் தண்டவாளம் அந்தரத்துல தொங்கின போட்டோவைப் பாத்திருப்பிய. ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பயணிகளுக்குப் பொங்கிப் போட்டது புதுக்குடி சனங்கதான், தங்க வீட்டுக்குள்ளயே தண்ணி நிக்கும்போது. ஏரல்ல பாலத்துல ரோடே அத்துட்டுப் போச்சு, கடைவீதி முழுக்க சேறு. கடற்கரை ஊர்கள்ல இருந்து மீனவங்க பைபர் படகை லாரியில ஏத்திக்கிட்டு வந்து எங்கெங்க தெரு இருந்துச்சோ அங்கெல்லாம் படகு விட்டாவ. நம்ம மேலத்தெருவுக்கு வந்த படகுக்காரவங்க டீசல் காசுகூட வாங்கல, ரெண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டாவ.

இப்ப நம்ம பக்கம். டவர் எல்லாம் படுத்துட்டு, ஒரு வீட்டுக்கும் போன் போகல. அப்ப இந்தக் குழு எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. அணை உடைஞ்சிட்டுன்னு ஒருத்தன் பார்வேர்ட், எங்கயோ உள்ள வெள்ளத்து வீடியோவை நம்ம ஊருன்னு ஒருத்தன், ஷார்ஜால ஒரு மயினி மயக்கம் போட்டு ஆஸ்பத்திரில. அந்த நேரத்துலதான் நம்ம கொரியர் தம்பி பைக்கைத் தண்ணிக்குள்ள உருட்டி, ஏறி, உருட்டி, திருநெல்வேலி ரோட்டுல சிக்னல் கிடைச்ச இடம் வரைக்கும் போயி ஒரு வாய்ஸ் நோட் போட்டான். முன்னாடி ராத்திரியே நோட்டுல எழுதிட்டுப் போயிருக்கான். வடக்குத்தெரு மொத வீட்டுல இருந்து ஆரம்பிச்சு, வீட்டுப்பேரு, உள்ள எத்தனை பேரு, எங்க இருக்காவ. "பொட்டிக்கடை வீடு, அஞ்சு பேரு, பள்ளிக்கூடத்துல. போஸ்ட்மேன் வீடு, ரெண்டு பேரு, மாடில. சுகர் மாத்திரை இல்ல." இப்படியே ஊர் பூரா. நடுவுல லாரி ஹாரன், மழைச் சத்தம், அவன் மூச்சு வாங்குறது எல்லாம் கேட்டுச்சு. நான் எங்க வீட்டுப் பேரு வர்ற வரைக்கும் நின்ன இடத்துல நின்னேன், வந்த பொறவும் மிச்சத்தையும் கேட்டேன். சிங்கப்பூர்ல, குவைத்ல, தோகால எல்லாம் அந்த ஒரு ஆடியோதான் ஓடிச்சு. நாம சேத்த அத்தனை காசை விட அது பெருசுன்னு சொன்னா யாரும் கோச்சுக்கிட மாட்டிய.

காசு விஷயமும் சொல்லிருதேன். நாம அனுப்பினது உதவல்லன்னு சொல்லல. ஆனா மெயின் ரோட்டுல லாரியை நிறுத்தி மொத ஊர்லயே எறக்கிட்டுப் போனதுனால அங்க ரொட்டியும் மெழுகுவத்தியும் மலையா குவிஞ்சுது, உள்ள தள்ளி இருக்குற ஊர்ப் பக்கம் ஒண்ணும் வரல. பழைய துணி மூட்டை மூட்டையா வந்து, அதைக் கொளுத்துறதுக்கு ஒரு நாள் வேலை. கேட்டது வேற: பிரஷர் மாத்திரை, நாப்கின், பாய், ஸ்டவ், பிளீச்சிங் பவுடர், சேறு வழிக்க மம்பட்டி. தண்ணி எறங்கின பொறவு ஒவ்வொரு வீட்டுலயும் முழங்காலளவு சகதி. கொடியில சட்டை காயல, பத்தாம் கிளாஸ் மார்க்‌ஷீட்டும் பட்டாவும் ரேஷன் கார்டும் கிளிப் மாட்டிக் காஞ்சுது. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி ரோட்டுலயே தார்ப்பாய் கட்டி, கூலி வாங்காம ஊர் பைக்கையெல்லாம் பிரிச்சு சைலன்சர்ல தண்ணியை வடிச்சுக் கொடுத்தாரு, ஆயிலுக்கு மட்டும் நம்ம நிதில இருந்து போச்சு. மோட்டாருக்குக் காயில் கட்டினதுக்கும் அதுல இருந்துதான். நம்ம பணத்துல உருப்படியா செலவானது இந்த ரெண்டும்தான்னு எனக்குப் படுது.

கவர்மென்ட் 6000 ரூபாய் கொடுத்துச்சு, அது சமையல் சாமானுக்கு சரியாப் போச்சு. வாழை போட்டவங்களுக்குத்தான் அடி. பொங்கலுக்கு வெட்ட நின்ன தார், அப்படியே சாஞ்சு அழுகிட்டு, கடன் நிக்குது. ஆத்தூர் வெத்தலைக்கு அந்த வருஷம்தான் புவிசார் குறியீடு கிடைச்சுது, கொடிக்கால்ல தண்ணி நின்னா கொடி வேரோட போயிரும்.

சரி, வளைவுக்கு வாறேன். வளைவுல யாரு பேரைப் பொறிப்பிய? காசு கொடுத்தவங்க பேரு வரும், எல்லாம் நம்ம பேரு. சருவம் தள்ளினவனும் கதவு தட்டின தாத்தாவும் ரசீது வாங்கல, லிஸ்ட்ல இல்ல. அதோட சிமெண்டு வளைவு ஒண்ணு இருந்தா அடுத்த தடவை தண்ணி வர்றப்ப அதுல ஏறி நிக்க நாலு பேருக்கு இடம் இருக்கும், அவ்வளவுதான் பிரயோசனம்.

என் யோசனை இதுதான். மறுகால் ஓடையை ஐப்பசிக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும். குளம் அரசாங்கத்துது, அனுமதி வாங்காம ஜேசிபி எறக்க முடியாது, அதனால மனுவை இப்பவே ஊர்ப் பெரியவங்க கையெழுத்தோட கொடுக்கணும், நடையா நடக்க ஆள் வேணும், டீசலும் வாடகையும் நம்ம பணம். அனுமதி இழுத்தடிச்சா அமலையையாவது ஆள் போட்டு எடுத்துரலாம், அதுக்கு யாரும் தடுக்க மாட்டாவ. வருஷா வருஷம் செய்யுற வேலை இது, ஒரு தடவை செஞ்சு போட்டோ போடுற வேலை இல்ல, அதனால மிச்சப் பணத்துல பாதியைப் பேங்க்ல போட்டு வட்டில செய்யணும்.

படகு வாங்கலாம்னு ஷார்ஜா தம்பி சொல்லியிருந்தான். எனக்கு அதுவும் சரியாப் படல. ஓட்டத் தெரிஞ்சவன் ஊர்ல இல்ல, எஞ்சினை வருஷத்துக்கு ஒரு தடவை இழுத்தா கிளம்பாது, கரைல கிடந்து ஆடு படுக்கத்தான் ஆவும். அதுக்குப் பதிலா லைஃப் ஜாக்கெட், நல்ல நைலான் கயிறு, பெரிய டியூப், டார்ச், இதை வாங்கிப் பள்ளிக்கூட மாடில பூட்டி, சாவியைக் கிரிக்கெட் பயலுவகிட்ட கொடுங்க. அந்தப் படகுக்காரவங்க நம்பர் மேலத்தெரு டெய்லர் அத்தான்கிட்ட இருக்கு, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு போன் போட்டுப் பேசிக்கிட்டா போதும். பள்ளிக்கூட மாடில ஒரு தண்ணித்தொட்டியும் கக்கூஸும் அவசியம் வேணும், பொம்பளைய அந்த ராத்திரி பட்ட பாட்டை அவங்க வாயால கேட்டா வளைவுக்குக் கைகூப்பி போட்டவங்க எல்லாரும் அதை அழிச்சிருவிய. கீழத்தெருல தனியா இருக்குற வயசானவங்க, டயாலிசிஸ் போறவங்க, புள்ளத்தாச்சி, இவங்க லிஸ்ட்டை வருஷம் ஒரு தடவை புதுப்பிக்கணும், அதை கொரியர் தம்பி செய்யுதேன்னு சொல்லியிருக்கான், பெட்ரோல் காசு மட்டும் கொடுத்தா போதுமாம்.

இன்னொண்ணு, அந்தப் பயலுவ டி-ஷர்ட் விஷயம் இன்னும் பென்டிங்ல நிக்குது. அது வெள்ளக் கணக்குல வராது, தெரியும். நான் பாதி போடுதேன், மீதிக்கு யாராவது கையைத் தூக்குங்க.

ஞாயித்துக்கிழமை ஊர் டைம் ராத்திரி எட்டரைக்கு கூகுள் மீட். பொருளாளர் அத்தான், மிச்சம் எவ்வளவுன்னு பேங்க் ஸ்டேட்மென்ட்டோட வாங்க, வாய்க்கணக்கு வேண்டாம். வளைவுக்காரவங்களும் வாங்க, சண்டை போட்டுக்கிடுவோம்.