விடியப்புறம் இறங்கி இரவு ஏறுவதென்றால்: திருகோணமலையில் தனியாக ஒரு பகல்

உவர்மலையான்:

கொழும்பு இரவு ரயில் விடியப்புறம் இறக்கிவிடும். கல்லோயா சந்தி தாண்டி யானை குறுக்கிடும் இடங்களில் மெதுவாகத்தான் ஓடும், ஆகவே நேரத்துக்கு வரும் என்று நம்பி எதையும் ஒழுங்குபண்ண வேண்டாம். திரும்புவதும் இரவு வண்டியில். இடையில் ஒரு முழுப் பகல், ஆளும் தனி. வருகிற ஆக்கள் நேரே கடற்கரைக்கு ஓடி, வெயிலில் கருகி, மத்தியானம் கோணேசர் கோயிலுக்கு வருகிறார்கள். அப்போது நடை சாத்தியிருக்கும். மாலையில்தான் திரும்பத் திறப்பார்கள்.

மாற்றிச் செய்யுங்கள். முதலில் பிரெட்ரிக் கோட்டை. ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீற்றரளவு. ஓட்டோவில் ஏறுமுன் விலை பேசிக்கொள்ளுங்கள். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். முகாம் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம்.

எனக்கு உறுத்தலாக இருப்பது அந்த வாசல்தான். எல்லாரும் கடந்துபோகிறார்கள், ஒருத்தரும் நிற்பதில்லை. நிலைக்கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது. ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கி, அந்த அரசன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பதைச் சொல்லும் பாட்டு. கயலும் செதுக்கியிருக்கிறது. 1622 இல் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது, நேரே பார்த்தால் வெறும் கல். போன் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டாகப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பும். காவலில் நிற்பவரிடம் முதலில் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து கோயிலுக்கு ஏற்றம், கால் மணி தொடக்கம் இருபது நிமிடம். செருப்பைக் கழற்றின பிறகு பாறைக்கு மேலேதான் நடை, பத்து மணிக்குப் பிறகு உள்ளங்கால் பொரியும். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்குள் இறங்கினால் சுகம். பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள், அதற்குப் பிறகு நிலாவெளிக்குப் போய்ப் படகில் புறாத்தீவு. பகல் சரி.

நிலாவெளி ஆள்:

உவர்மலை அண்ணை கோட்டையைப் பற்றிச் சொன்னது சரி. கடைசி வரி பிழை. புறாத்தீவைக் கடைசியில் வைக்கவே கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், தண்ணி கலங்கும், முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் தெரியாது. போவதென்றால் காலையிலேயே, அதுவும் ஏறத்தாழ மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் விடாது.

அதைவிட, தனி ஆளுக்கு அது கட்டாது. அங்கே காசு மூன்று இடத்தில் போகும்: வனஜீவராசிகள் திணைக்கள நுழைவுச் சீட்டு, ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று அறவிடும் சேவைக் கட்டணம், படகுக் கூலி. பின்னிரண்டும் ஆள்கணக்கில் வராது. ஆறு பேர் பிரித்துக் கொடுப்பதைத் தனியாய் வந்தவர் முழுசாகக் கொடுப்பார். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நின்று, முன்னுக்கு வரும் குழுவோடு சேரலாமா என்று கேளுங்கள். சேர்த்தால் போங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். முருகைக்கல்லுக்கு மேல் கால் வைத்தால் கல்லும் செத்துப்போகும், காலும் கிழியும்.

இன்னொன்று. தனியாய்க் கடலில் இறங்குபவரின் பையை யார் பார்ப்பது? கரையில் வைத்துவிட்டு நீந்த வேண்டாம். உப்புவெளியில் ஒரு தங்குமிடத்தில் பகலுக்கு மட்டும் அறை கேளுங்கள். பையும் பத்திரம், குளிக்கவும் இடம். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ் எதுவும் அந்த வழியால் போகும். வழியில் இரண்டாம் உலகப்போர்ச் சேமக்காலை தெருவோரத்திலேயே இருக்கிறது. புல் வெட்டி, ஒரே அளவுக் கல்லறைக் கற்கள் வரிசையாக. அரைமணி அங்கே நின்றால் போதும்.

கிண்ணியாக்காரன்:

இரண்டு பேரும் கன்னியாவை ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். தனியாய் வருகிறவருக்கு இந்த ஊரில் ஆகத் தோதான இடம் அதுதான். செலவு கொஞ்சம், துணை தேவையில்லை. நகரிலிருந்து வடமேற்கே எட்டுக் கிலோமீற்றரளவு. அநுராதபுர வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி, கன்னியாச் சந்தி என்று கண்டக்டரிடம் முதலே சொல்லிவையுங்கள். மிச்சம் நடை.

ஏழு கிணறும் சின்னச் சதுரம், ஆழமில்லை. இறங்கிக் குளிக்கிற இடமல்ல, வாளியால் அள்ளி ஊற்றுவது. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. விரலை விட்டுப் பார்த்து, ஆகச் சூடு குறைந்ததில் தொடங்குங்கள். முதல் வாளி காலுக்கு, பிறகு தோள், தலை கடைசி. மத்தியான வெயிலில் போய் எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் கிறுதி வரும், தலை சுற்றும், தனியாய் வந்தவரைப் பிடிக்க ஆளில்லை. சாரமோ குளிக்கிற உடுப்போ, துவாய், ஈரத்தைக் கட்ட ஒரு பை. சனி, ஞாயிறு வாளிக்கே வரிசை. ஈமக்கிரியைக்கு வரும் குடும்பங்களும் இருக்கும், அவர்களுக்கு வழி விடுங்கள்.

அடுத்தது, கேட்காமலே சொல்கிறேன். எல்லாரும் வந்த வழியாலேயே ஏன் திரும்புகிறீர்கள்? மட்டக்களப்புக்குப் போக வேண்டியவர் ஹபரணையைச் சுற்றத் தேவையில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாகவே பஸ் ஓடுகிறது. முன்பு பாதைப் படகில் ஏறி இறங்கின இடம். பகல் பஸ்ஸைப் பிடியுங்கள், இருட்டில் ஒன்றும் தெரியாது. போகும்போது இடப்பக்க ஜன்னல். பாலத்தில் பஸ் நிற்காது, ஆகவே போனை முதலே கையில் எடுத்துவையுங்கள். கிண்ணியாவில் இறங்கினால் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கலாம், ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத் தூரம் போவது உங்கள் பாடு.

உவர்மலையான்:

நானா, தயிர்ச் சட்டியோடு ஊர் சுற்றச் சொல்லுகிறீர்களே! புறாத்தீவு விஷயத்தில் நிலாவெளித் தம்பி சொன்னது சரி, அதைக் காலைக்கு மாற்றினால் கன்னியாவைக் கைவிட வேண்டும். கோட்டை, கன்னியா, புறாத்தீவு மூன்றும் ஒரு பகலில் நடக்காது.

விட்டுப்போனது ஒன்று: மான். கோட்டைக்குள்ளும் நகரத்திலும் புள்ளிமான் சாதாரணமாகத் திரியும். பொலித்தீன் பை சரசரத்தால் சாப்பாடு என்று கிட்ட வரும், பையோடு சேர்த்துக் கடித்து இழுக்கும். பொலித்தீன் வயிற்றுக்குள் போனால் அது சாகும். சாப்பாட்டுப் பார்சலைத் துணிப்பைக்குள் போட்டு ஸிப்பை மூடுங்கள். படத்துக்காக பிஸ்கட் நீட்டவும் வேண்டாம், பின்னால் நிற்கிற கொம்பன் முன்னுக்கு வருவான்.