பெரியபட்டினத்தில் கோல்ஃப் ஆடும் மகளுக்கு நிதி உதவி: விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

பெரியபட்டினம் வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது. கோல்ஃப் ஆடுகிறாள். ராமநாதபுரம் கடற்கரையில் கோல்ஃபா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். புல்லுக்குத் தண்ணீர் விடும் பம்பு, குழாய் எல்லாம் என் பொறுப்பு. கடைசி ஐந்து வருடம் குடும்பமும் என்னோடு இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மகள் ஏழு வயதில் மட்டை பிடித்தாள். என் வாப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டோம். இரண்டு வருடமாக இங்கே தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் சீமைக் கருவேலத்தை வெட்டி இடம் செய்து கொடுத்தேன். இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் பழைய மீன்வலையை நான்கு மடிப்பாகக் கட்டியிருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த வலைக்குள் தினமும் 150 பந்து அடிக்கிறாள். மணற்குழியில் இருந்து பந்தை எடுத்து அடிக்கும் பயிற்சிக்குக் குறையே இல்லை, கடற்கரை முழுக்க மணல்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்தைத் தாழ்வாக அடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். இல்லாதது புல்தரை ஒன்றுதான். அதற்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகிறேன்.

போன வருடம் கோயம்புத்தூரில் ஜூனியர் போட்டி ஒன்றில் மூன்று நாள் ஆடினாள். அடித்த அடிகள் 91, 87, 84. கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது. கடைசி நாள் அவளுடன் ஆடிய பெண்களிடம் 14 மட்டையும் இருந்தது. இவளிடம் ஏழு, அதுவும் துபாயில் ஒருவர் கொடுத்த பழையது, இப்போது அவள் உயரத்துக்குக் குட்டை. மதுரை வழியாகப் பஸ், நான்கு இரவு லாட்ஜ், நுழைவுக் கட்டணம், முந்தைய நாள் பயிற்சிச் சுற்று, சாப்பாடு எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய் ஆனது. இந்த வருடம் நான்கு போட்டிக்காவது அனுப்ப வேண்டும். கடை வருமானத்தில் முடியாது.

ஒரு தனியார் அறக்கட்டளைக்கு எழுதினேன். நேரில் வரச் சொன்னார்கள். இது வசதியானவர்கள் ஆட்டமாச்சே, பிள்ளையைக் கபடியில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். மகளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வலைக்கு முன்னால் போய் நின்றாள்.

உதவி கேட்டு எங்கே எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். முக்கால்வாசி எங்கள் கஷ்டம்தான் இருந்தது. அது சரியா என்றுகூடத் தெரியவில்லை.

உச்சிப்புளி உடற்கல்வி ஆசிரியர்

காக்கா, அந்த அறக்கட்டளையில் சொன்னதை மறந்துவிடுங்கள். கோல்ஃப் 2016 ரியோவில் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. டோக்கியோவில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்தார், ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது. ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டுக்கு உதவி கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

எனக்கு கோல்ஃப் தெரியாது, விண்ணப்பம் தெரியும். என் மாணவன் ஒருவன் பாய்மரப் படகு ஓட்டுகிறான், மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அவனுக்காக இரண்டு முறை விண்ணப்பம் போட்டேன். முதல் தடவை திரும்பி வந்தது. ரசீதுகள் அவனுடைய மாமா பேரில் இருந்தன, இரண்டில் தேதியே இல்லை. இரண்டாவது தடவை கிடைத்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையைப் பாருங்கள். 2023 மே மாதம் முதலமைச்சர் தொடங்கிவைத்தது, தோனி வந்திருந்த அதே விழாவில். உபகரணம் வாங்க, போட்டிக்குப் போய்வர, பயிற்சி எடுக்க என்று பணம் இல்லாமல் நிற்கிற விளையாட்டுப் பிள்ளைகளுக்காகவே ஏற்படுத்தியது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் ஒருமுறை ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்துவிடுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். இந்த மாவட்டத்தில் கோல்ஃப் ஆடும் பிள்ளை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் சாம்பியன்ஸ் டெவலப்மெண்ட் ஸ்கீம் என்று ஒன்று இருக்கிறது. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 4 லட்சம் ரூபாய் வரை. அதற்குப் பெரிய போட்டிகளில் முடிவு காட்ட வேண்டும். இப்போதைக்கு அதைக் கனவில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் விண்ணப்பம் அறக்கட்டளைக்கு.

காகிதங்களில் உங்களுக்கு அதிகம் நேரம் பிடிக்கப் போவது வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும்தான். இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். மகள் சில வகுப்புகள் துபாயில் படித்திருப்பதால் இருப்பிடச் சான்றுக்குக் கேள்வி வரும். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, அங்கே படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் கையில் வைத்திருங்கள். வங்கிக் கணக்கு மகள் பேரில் இருக்கட்டும், நீங்கள் காப்பாளர். தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்கும்போதே போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு தர இசைகிறோம் என்றும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பின்னால் பெரிதும் உதவும்.

அப்புறம் கடிதம். நான்கு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். கஷ்டத்தை வருமானச் சான்று சொல்லிவிடும். கடிதத்தில் 91, 87, 84 இருக்கட்டும். மூன்று நாளில் ஏழு அடி குறைந்தது என்பது படிக்கிறவர் கண்ணில் படும் விஷயம். மீன்வலையையும் எழுதுங்கள், ஆனால் இரண்டே வரியில், ஒரு புகைப்படத்தோடு. கடைசியில் கேட்கிற தொகை: எந்தப் போட்டி, எந்தத் தேதி, எதற்கு எவ்வளவு என்று பிரித்து. மட்டைக்குக் கடையில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். "தங்களால் இயன்ற உதவி" என்று எழுதவே எழுதாதீர்கள். இவ்வளவு என்று தெரியாத தொகையை யாரும் ஒப்புதல் செய்ய மாட்டார்கள்.

போட்டி முடிந்த பிறகு கேட்காமல் முன்னதாகவே கேளுங்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்பே.

பெரியபட்டினம் வாப்பா

சார், இதை அச்செடுத்துக் கடையில் ஒட்டிவைத்திருக்கிறேன். இ-சேவையில் இரண்டு சான்றுக்கும் விண்ணப்பித்தாயிற்று.

இன்னொரு சந்தேகம். கீழக்கரையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகள் ஆடுவதைக் கேள்விப்பட்டு, ஒரு போட்டிக்கான செலவைத் தருகிறேன், பையில் கடைப் பெயர் போட்டுக்கொள்ளட்டும் என்கிறார். வாங்கினால் அமெச்சூர் தகுதி, அதாவது காசுக்கு ஆடாதவர் என்ற தகுதி போய்விடும், பிறகு ஜூனியர் போட்டியில் ஆட முடியாது என்று துபாயில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பயந்துபோய் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோவை கேடி

அண்ணா, நான் கேடி, ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்குகிறவன். தைரியமாக வாங்குங்கள். நீங்கள் கேட்டது பழைய விதி. 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் விதிகளை மாற்றிவிட்டார்கள். கடைப் பெயரைப் பையில் போடலாம், சட்டையில் போடலாம், செலவுக்குப் பணம் வாங்கலாம், மட்டை இலவசமாக வாங்கலாம். தகுதி போகிற காரியங்கள் சில உண்டு: போட்டியில் 700 பவுண்டு அல்லது 1,000 டாலருக்கு மேல் பரிசு வாங்குவது, தொழில்முறை ஆட்டக்காரராகப் போட்டியில் இறங்குவது, காசு வாங்கிக்கொண்டு பிறருக்குச் சொல்லிக் கொடுப்பது. ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனைப் பொறுத்துத் தரும் சலுகை அடிகளைக் கழித்துக் கணக்குப் போடும் போட்டியில் ரொக்கப் பரிசே வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மகள் சும்மா சொல்லிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஜவுளிக்கடைக்காரரிடம் ஒரு கடிதம் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை விண்ணப்பத்திலும் காட்டிவிடுங்கள், மறைக்க வேண்டாம். ஊரே கை கொடுக்கிறது என்பது விண்ணப்பத்துக்குப் பலம்தான்.

நான் 22 வருடமாகப் பை தூக்குகிறேன். ஏழு மட்டையோடு வந்த ஒரு பெண் ஐந்து ஐயர்ன் என்கிற இரும்பு மட்டையால் அடித்த ஓர் அடியைப் பற்றிக் கேடிகள் நாங்கள் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் மகளாகத்தான் இருக்க வேண்டும். விதிப்படி 14-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். குறைந்தது இத்தனை என்று எங்கும் இல்லை. அதனால் முழு செட் கேட்டு விண்ணப்பத்தைக் கனமாக்காதீர்கள். வளர்கிற பிள்ளை, இரண்டு வருடத்தில் மறுபடி குட்டையாகிவிடும். அவள் உயரத்துக்கு அளந்து, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஐயர்ன் செட், பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு புட்டர், மணலில் இருந்து அடிக்க ஒரு சாண்ட் வெட்ஜ் போதும். மிச்சப் பணத்தைப் புல்தரையில் ஆடும் சுற்றுகளுக்குக் கேளுங்கள். அவளுக்குப் பற்றாக்குறை அங்கேதான். வலையில் அடித்தால் பந்து எங்கே போய் விழுகிறது என்று தெரியாது. பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டிங் பயிற்சி சுத்தமாகக் கிடையாது. விண்ணப்பத்தில் "பயிற்சிச் சுற்றுகள்" என்று தனித் தலைப்பே போடுங்கள்.

எந்த கிளப்பில் ஆடப் போகிறீர்களோ அதன் செயலாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள், ஜூனியருக்குச் சலுகைக் கட்டணம் கேட்டு. நேரில் கேட்டால் கூச்சத்தில் வாய் வராது, கடிதமாக இருந்தால் கமிட்டியில் வைத்துவிடுவார்கள்.

டெல்லியில் தி கோல்ஃப் ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அமித் லூத்ரா தொடங்கியது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் எடுத்து வளர்க்கிறார்கள். ஹரியானாவில் பால்காரர் மகன் சுபம் ஜக்லான் அவர்கள் ஆதரவில் வந்தவன்தான், 2015-ல் 10 வயதில் அமெரிக்கா போய் ஜூனியர் உலகப் பட்டம் அடித்தான். வசதியானவர்கள் ஆட்டம் என்று சொன்னார்களாம், எனக்கு அதைப் படித்ததும் மனசு கொதித்தது. 1991-ல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர் ஒரு கேடி. 2009-ல் அதே பட்டத்தை வென்ற முனியப்பாவும் பெங்களூரில் பை தூக்கியவர்தான். எங்கள் ஆட்கள்.

அடுத்த தடவை கோவைக்கு வந்தால் லாட்ஜ் வேண்டாம். என் வீட்டில் தங்கலாம், என் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பையை நான் தூக்குகிறேன், காசு வேண்டாம்.

தேவிபட்டினம், இப்போது டாலஸ்

என் மகன் இங்கே ஜூனியர் கோல்ஃப் ஆடுகிறான். இங்குள்ள அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கம் 2003 முதல் ஏஸ் கிராண்ட் என்று ஓர் உதவித் திட்டம் நடத்துகிறது. பெற்றோரின் வருமான வரிக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு வேலை போன வருடம் நாங்கள் அதில் விண்ணப்பித்தோம். உங்களுக்குப் பயன்படும் என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த உதவி செலவைத் திருப்பித் தருகிற முறை. முதலில் நம் கைக்காசு போகும், ரசீது காட்டினால் பணம் பிறகு வரும். உதவி ஒப்புதலாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. முதல் போட்டிக்கே கடன் வாங்க வேண்டியதாயிற்று.

அதனால் நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் பணம் முன்னால் வருமா, பின்னால் வருமா என்று கேட்டுவிடுங்கள். பின்னால்தான் என்றால் ஜவுளிக்கடைக்காரர் தருவதைத் தொடாமல் வைத்திருங்கள். அதைக் கொண்டு முதல் போட்டிக்குப் போய்வந்து, திரும்பி வருகிற பணத்தில் இரண்டாவது போட்டி. நாங்கள் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினோம். ரசீதை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். லாட்ஜ், பஸ் ரசீதில் எழுத்து ஒரு மாதத்தில் மங்கிவிடும்.

பெரியபட்டினம் வாப்பா

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேடி தம்பி எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். ஐந்து ஐயர்ன் என்றதும் அவளுக்கு எந்த அடி என்று உடனே தெரிந்துவிட்டது. 16-வது ஹோல், எதிர்க்காற்று என்றாள். கோவையில் வேறு எதுவும் அவளுக்கு நினைவில்லை.

கடிதத்தை ஒரு பக்கமாக்கிவிட்டேன். தொடக்கம் இப்படி இருக்கிறது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"என் மகள், வயது 13, பெரியபட்டினத்தில் வசிக்கிறாள். கோயம்புத்தூரில் நடந்த மூன்று நாள் ஜூனியர் போட்டியில் 91, 87, 84 அடித்தாள். எங்கள் ஊரில் புல்தரை இல்லாததால் மீன்வலைக்குள் பந்தை அடித்துப் பயிற்சி செய்கிறாள். வரும் வருடத்தில் நான்கு போட்டிகளுக்கும் 12 பயிற்சிச் சுற்றுகளுக்கும் உதவி கோருகிறோம். கீழக்கரை வணிகர் ஒருவர் ஒரு போட்டியின் செலவை ஏற்றிருக்கிறார். மீதித் தொகையின் விவரம் கீழே."

கோவையில் தம்பி வீட்டில் தங்குவதால் அங்கே லாட்ஜ் தொகையை அடித்துவிட்டேன். வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு மகளோடு விளையாட்டரங்கத்துக்குப் போகிறேன். இரண்டாம் நாள் ஸ்கோர் கார்டு மட்டும் மழையில் நனைந்து எண்கள் கலைந்திருக்கின்றன. நகல் கேட்டு எழுதியிருக்கிறேன். தம்பி, அந்தப் பக்கம் போனால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.