ஜூலை மழையில் கொச்சி ரெசிடென்சி: அச்சு காய மாட்டேன் என்கிறது

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் மரச்செதுக்கு அச்சு செய்கிறேன்; அதாவது பலகையில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் எடுப்பது. ஜூலையில் ஆறு வார ரெசிடென்சிக்கு (கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கி வேலை செய்யும் ஏற்பாடு) கொச்சி மட்டாஞ்சேரி போகிறேன். எனக்கு இது முதல் தடவை.

சிக்கல் ஈரம்தான். நான் பயன்படுத்துவது ஆளிவிதை எண்ணெய் மை; காற்றுப் பட்டுத்தான் இறுகும். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கொடியில் மாட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடும். போன மழையில் கொச்சியில் சிநேகிதி வீட்டில் ஓர் அச்சை மாட்டிப் பார்த்தோம். வாரம் கழிந்தும் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது, தாளின் ஓரத்தில் பூஞ்சை வேறு. மையை மெல்லிசாகத் தடவினேன், மையைச் சீக்கிரம் காய வைக்கும் கோபால்ட் டிரையர் கலந்தேன், மின்விசிறி வைத்தேன். கொஞ்சம்தான் பலன். நீர் மைக்கு மாறினால் எனக்கு வேண்டிய அடர்கறுப்பு வரவில்லை.

அழைப்புக் கடிதத்தில் தங்க அறை, ஸ்டுடியோ, கடைசி வாரம் ஓப்பன் ஸ்டுடியோ (பார்வையாளர்கள் ஸ்டுடியோவுக்கே வந்து வேலையைப் பார்ப்பது) என்று மட்டும் இருக்கிறது. அச்சு இயந்திரம் இல்லை. கரண்டியால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மின்னஞ்சலில் விவரம் கேட்டேன், “வந்ததும் பேசலாம்” என்றார்கள். ஆனால் பலகை, தாள் எல்லாம் இப்போதே வாங்கியாக வேண்டும்.

ரெசிடென்சி போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: ஓப்பன் ஸ்டுடியோவில் முடிந்த அச்சுகளைத்தான் எதிர்பார்ப்பார்களா, செதுக்கிய பலகையும் சோதனை அச்சும் வைத்தால் போதுமா?